புளியங்கொட்டையும் மூன்றாம் மாடி லிஃப்ட்டும்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் வாரமே ஒரு லிஃப்ட் கதை சொல்கிறார்களாம். அதில் நான் ஒரே பார்வையில் பிழையைக் கண்டுபிடித்த கெட்டிக்காரியாக வருகிறேனாம். அலுவலகத்தில் என் ஜோடியான மாரிச்செல்வி வீட்டுக்கு வந்தபோது சொன்னாள். எனக்குக் கூச்சத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"ஏட்டி, அந்தப் பிழையைப் போட்டதே நான்தானே. அதைச் சொல்லலையா?"

"அதை நீங்களே எழுதிக் குடுங்க அத்தை. நான் வாசிச்சுக் காட்டுதேன்" என்று ஒரு கோடு போட்ட நோட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முதலில் எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல எனக்கு ரொம்ப நாளாக ஆசை. யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர் ஆபீஸ்ல தாள் பாக்கேன்" என்று முடித்துக்கொள்வேன். வாய் திறந்து விளக்க எனக்கு வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, அதனால் தைரியம்.

லிஃப்ட் ஆனாலும் சரி, பஞ்சு அமுக்கும் பிரஸ் ஆனாலும் சரி, விதை பாக்கெட் போடும் மெஷின் ஆனாலும் சரி, உள்ளே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். இப்போது கதவைத் திற, இப்போது மோட்டாரை நிறுத்து என்று அதுதான் சொல்லும். அது தப்பாகச் சொன்னால் ஒருவருக்குக் கை போகும், உயிரும் போகும். ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்பீர்கள். நூறு தடவை ஓட்டினாலும் நூற்று ஒன்றாவது தடவை என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் பெட்டி எந்தெந்த நிலையில் இருக்கலாமோ ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு ஓர் அம்பு என்று முழுப் படத்தையும் போட்டு, கெட்ட வழி ஒன்றுகூட அதில் இல்லை என்று நிரூபித்துக் கொடுப்போம். எஸ்தர் மேடம் அந்தப் படத்தை ஆட்டோமேட்டா என்பார். எங்களுக்கு அது வட்டப்படம்.

எஸ்தர் மேடம் எங்கள் ஊர்க்காரர்தான். அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தவர். மேடம் படித்து பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனதும் திரும்பி வந்து, ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து இந்த வேலையைத் தொடங்கினார். அப்போது நான் விசைத்தறிக் கூடத்தில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழையைப் பழைய பாவின் இழையோடு முறுக்கிப் பிணைக்கிற வேலையில் இருந்தேன். ஆயிரக்கணக்கான இழை, ஒன்று மாறினால் சேலை முழுக்கக் கோடு விழும். "வரி தாண்டாமல் வேலை பார்ப்பவர்கள் தேவை" என்று கீழே ஒரு அட்டை தொங்கியது. தறிச் சத்தத்தில் காது போய்க்கொண்டிருந்ததால் ஏறிப் போனேன். கட்டம் கட்டமாக ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். என்னோடு வந்த இருவர் கல்லூரியில் படித்தவர்கள். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினார்கள். எனக்கு ஒரு கட்டத்துக்கு என்ன போடுவது என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியவில்லை. காலியாக விட்டுவிட்டுத் தலையைக் குனிந்து நின்றேன். அதை நிரப்ப வழியே கிடையாதாம். ஊகித்து நிரப்புகிறவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னை எடுத்துக்கொண்டார்.

பழகிய கதையை நீட்டவில்லை. அம்பு வரையவே ஒரு வருடம் ஆயிற்று.

ஆனால் கொட்டை வைக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். படத்தில் இரண்டு சாதி உண்டு. ஒன்று ரெட்டைவழிப் படம். அதில் ஒரே வட்டத்திலிருந்து ஒரே சைகைக்கு (பட்டன் அமுங்கியது, கதவு திறந்தது என்று வரும் ஒவ்வொரு சேதியும் ஒரு சைகை) இரண்டு அம்பு போகும். இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம். எழுதுகிறவர்களுக்கு அது லேசு. மற்றது ஒத்தைவழிப் படம். அதில் ஒரு சைகைக்கு ஒரே அம்புதான். மேடத்தின் புரோகிராம் ஒத்தைவழிப் படத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே ரெட்டைவழியை ஒத்தைவழியாக மாற்ற வேண்டும். அர்த்தம் ஓர் இழைகூட மாறக் கூடாது.

எப்படி மாற்றுவது? ரெட்டைவழிப் படத்தைத் தரையில் விரித்து, தொடங்கும் வட்டத்தில் ஒரு புளியங்கொட்டை. ஒரு சைகை வந்ததும் கொட்டை எங்கெல்லாம் போகலாமோ அங்கெல்லாம் ஒவ்வொரு கொட்டை வைக்க வேண்டும். போக வழி இல்லாத கொட்டையை எடுத்துவிட வேண்டும். இப்போது எந்தெந்த வட்டத்தில் கொட்டை இருக்கிறதோ அந்தக் கூட்டம் முழுவதற்கும் புதுத் தாளில் ஒரே வட்டம். அடுத்த சைகை, அடுத்த கூட்டம், அடுத்த வட்டம். பார்த்த கூட்டமே திரும்பி வந்தால் பழைய வட்டத்துக்கு அம்பைத் திருப்ப வேண்டும். எவ்வளவு பெரிய படமானாலும் ஒரு கட்டத்தில் புதுக் கூட்டம் வராமல் நின்றுவிடும். அந்த நிமிடம் எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். கடைசியாக, கொட்டைக் கூட்டத்தில் ஒன்றாவது சிவப்பு வட்டத்தில் இருந்தால் புது வட்டத்துக்கும் சிவப்பு. ஓட்டம் முடியும்போது சிவப்பில் நின்றால் குற்றம். அவ்வளவுதான் முறை.

ஒரே படத்தை இரண்டு பேர், ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தனித்தனியாக மாற்ற வேண்டும் என்பது அலுவலக வழக்கம். இரண்டு தாளும் ஒத்துப்போனால் மேடம் கையெழுத்துப் போடுவார். நானும் மாரிச்செல்வியும் ஜோடி. மேடம் சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். "காட்டுங்க" என்பார். தரையில் நமக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அம்பாக விரலால் நடத்திக் காட்டச் சொல்வார். நாம் நடத்திக்கொண்டே போகையில் பிழை இருக்கும் இடத்தில் நம் விரலே நின்றுவிடும். அப்போதும் அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பார். என் மேல் கோபம் என்றே பல வருடம் பயந்துகொண்டிருந்தேன். அவர் முகமே அப்படி.

இனி லிஃப்ட்.

சிவகிரி வேலுச்சாமி அண்ணாச்சி லிஃப்ட்டுக்குப் பெட்டி செய்கிறவர். அதுவரை சின்னச் சின்ன வேலை செய்துகொண்டிருந்தவருக்கு, மூன்று மாடி வைத்த ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலை முதல் முறையாகக் கிடைத்திருந்தது. எங்கள் சரிபார்ப்புச் சான்று இருந்தால்தான் பெட்டியை ஏற்போம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கேள்வி ஒன்றுதான்: மூன்றாம் மாடியில் ஒருவர் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் லிஃப்ட் கட்டாயம் வருமா? கீழேயே போய் வந்துகொண்டிருந்து அவரை என்றைக்குமாக நிற்க வைத்துவிடுமா?

அப்படி நிற்க வைத்துவிடுவதுதான் குற்றம்; அந்தக் குற்றம் எப்படியெல்லாம் நடக்கலாம் என்று மேடம் ஒரு ரெட்டைவழிப் படம் வரைந்து கொடுத்தார். பதினோரு வட்டம். உங்களுக்கு இரண்டைச் சொன்னால் போதும். முதல் வட்டம் வெள்ளை: "இன்னும் பார்ப்போம்." இரண்டாவது சிவப்பு: "இனிமேல் வரவே வராது." எந்தச் சைகைக்கும் வெள்ளையிலேயே இருக்கலாம், அல்லது லிஃப்ட் வராத ஒரு சைகையில் சிவப்புக்குத் தாவலாம். சிவப்புக்குப் போன பிறகு லிஃப்ட் வந்துவிட்டால் அந்தக் கொட்டைக்கு வழி இல்லை, எடுத்துவிட வேண்டும். படத்தைக் கொடுத்துவிட்டு மேடம் அப்பாவை ஸ்கேனுக்குத் திருநெல்வேலி அழைத்துப் போய்விட்டார்.

கொட்டை வைத்தேன், மாற்றினேன், சிவப்பு போட்டேன். மாரிச்செல்வியும் அப்படியே. தாள் ஒத்துப்போயிற்று. மறுநாள் மேடம் இரண்டையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். லிஃப்ட் ஓட்டத்துக்கு முடிவு கிடையாது என்பதால், சிவப்பு திரும்பத் திரும்ப வந்தால் குற்றம் என்று வைத்திருந்தோம்; பெட்டியின் படத்தோடு சேர்த்து ஓட்டினால், சிவப்பு வட்டம் திரும்பத் திரும்ப முடிவில்லாமல் வருகிறது. குற்றம். "மூன்றாம் மாடி கைவிடப்படும்" என்று அறிக்கை போயிற்று.

அண்ணாச்சி படியில் இரண்டிரண்டாக ஏறி வந்தார்.

"மேடம், என்ன எழுதிருக்கிய? என் லிஃப்ட் மூணாவது மாடிக்கு வராதா? நானே மேல நின்னு அமுக்கிப் பாத்தேன், வந்துச்சே!"

"எத்தனை தடவை அமுக்குனிய அண்ணாச்சி?"

"ஐம்பது இருக்கும்."

"நாங்க முடிவே இல்லாத ஓட்டத்தைப் பாக்கோம்."

"முடிவே இல்லாத ஓட்டமா? ஆஸ்பத்திரில நோயாளி அம்புட்டு நாளா இருப்பான்?" என்றார். மாரிச்செல்வி சிரிப்பை அடக்கத் தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. "இது கைவிட்டுப் போச்சுன்னா மறுபடி எவனும் கூப்பிட மாட்டான், மேடம். திங்கக்கிழமைக்குள்ள மாத்திக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். எனக்கு அவருடைய முதுகைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. ஆனால் தாள் தாள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே போய்விட்டேன். குற்றம் என்று சொன்னால் எந்த ஓட்டத்தில் குற்றம் நடக்கிறது என்று நகல் எழுதி எங்கள் கோப்பில் இருக்கும் அறிக்கையோடு கோக்க வேண்டும். அந்த வேலை பாக்கி. வரிவரியாக எழுதினேன். தரைத்தளம். முதல் மாடி. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. தரைத்தளம். அங்கிருந்து மறுபடி அதே சுற்று.

பேனா நின்றுவிட்டது.

மூன்றாம் மாடிக்குத்தான் வருகிறதே! ஒவ்வொரு சுற்றிலும் வருகிறதே! இதையா வராது என்று எழுதிக் கொடுத்தோம்?

தாளைத் திருப்பினேன், அம்பை எண்ணினேன், எல்லாம் சரியாக இருந்தது. படத்தைத் தரையில் விரித்துக் கொட்டையை எடுத்தேன். லிஃப்ட் வரவில்லை: வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று. லிஃப்ட் வந்தது: சிவப்பில் இருந்ததை எடுத்தேன். வரவில்லை: வெள்ளையிலிருந்து ஒரு புதுக் கொட்டை சிவப்புக்கு. வந்தது: எடுத்தேன். இப்படியே வைத்து எடுத்து, வைத்து எடுத்துக்கொண்டிருந்தபோது, என் இடது உள்ளங்கையில் எடுத்த கொட்டைகள் சேர்ந்துகொண்டே வந்தன.

அவ்வளவுதான். எனக்குத் தெரிந்துவிட்டது. கத்திவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சிவப்பில் திரும்பத் திரும்ப ஏதோ ஒரு கொட்டை வந்தது. ஆனால் அது ஒரே கொட்டை இல்லை! செத்தது வேறு, அடுத்து வந்தது வேறு. எந்தக் கொட்டையும் சிவப்பில் நிலைத்து நிற்கவே இல்லை. அதுவரை நாங்கள் மாற்றியதெல்லாம் முடிகிற ஓட்டம். விதை பாக்கெட் ஒட்டியதும் நின்றுவிடும், கடைசி நிமிடம் சிவப்பில் ஒரு கொட்டை இருக்கிறதா என்று பார்த்தால் போதும், அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. லிஃப்ட் முடிவில்லாத ஓட்டம். அதில் கொட்டையின் வரலாற்றைக் கேட்டே ஆக வேண்டும். நான் கேட்கவில்லை. மாரிச்செல்வியும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே தப்பை ஒரே மாதிரி செய்ததால் தாள் ஒத்துப்போயிற்று.

மேடம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் போய் நின்றுவிட்டேன். எத்தனையோ நாள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வீடு திரும்பியவள் நான்.

"மேடம், நான் போட்டது தப்பு. அண்ணாச்சி பெட்டி மேல தப்பில்ல."

"காட்டுங்க கோமதிக்கா."

உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். நான் கொட்டையை வைத்து எடுத்தேன், வைத்து எடுத்தேன். நாலாவது சுற்றில் உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீட்டினேன். வாயால் விளக்க எனக்கு வரவில்லை. அதைத்தான் செய்ய முடிந்தது. மேடம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டென்று தரையில் அடித்தார்.

"சண்டாளி! இதை நான் காலேஜ்ல பரீட்சையில எழுதிருக்கேன் கோமதிக்கா. முடிவில்லாத ஓட்டத்துக்கு இந்த முறை ஆகாதுன்னு பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கிருக்கேன். போன வாரம் கையெழுத்தைப் போட்டுட்டு நிக்கேன்!"

தன்னைத்தான் திட்டிக்கொண்டார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அண்ணாச்சி இந்நேரம் பெட்டியைப் பிரிச்சிருப்பாரே" என்றாள் மாரிச்செல்வி.

மேடம் போனை எடுத்து எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டுவதற்குள் அந்தப் பக்கம் குரல் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, பெட்டில கை வைக்காதிய!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"யாரு பேசுதது?"

"கோமதி. தாள் பாக்கவ. உங்க பெட்டி சரியாத்தான் இருக்கும்போலுக்கு. நாந்தான் தப்பாப் போட்டுட்டேன்."

"எக்கா, ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம அதை மாத்தி, இப்பதான் பஸ் ஏறப் போறேன். இப்ப போய்ச் சொல்லுதிய?"

"பழசு இருக்கா?"

"இருக்கு. மனசு ஒப்பல, தூரப் போடல."

"ரெண்டையும் கொண்டாங்க."

மூன்று மணி நேரம் எங்களுக்குக் கிடைத்தது. அந்த மூன்று மணி நேரத்தைப் போல ஒரு பொழுதை நான் அனுபவித்ததில்லை. மூன்று பேரும் தரையில். மேடம் மற்றப் படங்களுக்கு எவ்வளவோ சிக்கலான முறை உண்டு என்றார். கொட்டைக்கு வயது வைத்து, குடும்பம் வைத்து, மரம்போலக் கிளை பிரித்து எழுத வேண்டுமாம். இந்தப் படத்துக்கு அது வேண்டாம். சிவப்புக்குள் போன கொட்டை வெளியே வருவதில்லை, நிற்கும் அல்லது சாகும். அப்படியானால் ஒத்தைவழிப் படத்தின் வட்டமும் அம்பும் அப்படியே இருக்கட்டும், தீர்ப்பை மட்டும் மாற்றலாம். "சிவப்பு திரும்பத் திரும்ப வந்தால் குற்றம்" என்பதை அடித்துவிட்டு, "வெள்ளை வருவது ஒருநாள் அடியோடு நின்றுபோனால்தான் குற்றம்" என்று எழுதினோம். சிவப்பில் ஒரு கொட்டைகூட இல்லாத கூட்டத்தின் வட்டம்தான் புதுத் தாளில் வெள்ளை. படத்தின் சாதியே மாறிவிட்டது! ஒரு வட்டத்தைக்கூட அழிக்காமல்! நான் ஒரு சுவரையும் மாரிச்செல்வி ஒரு சுவரையும் பார்த்து உட்கார்ந்து எல்லா மாடிக்கும் தனித்தனித் தாள் போட்டோம். இந்த முறை மேடமும் மூன்றாவது சுவரைப் பார்த்து உட்கார்ந்து தானும் ஒரு தாள் போட்டார்.

அண்ணாச்சி வந்தபோது பழைய பெட்டியைத்தான் முதலில் ஓட்டினோம். தரைத்தளம், முதல் மாடி, இரண்டு, மூன்று. எந்த மாடித் தாளிலும் வெள்ளை வருவது நிற்கவே இல்லை. குற்றமில்லை. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இந்தப் புதுசு?" என்றார்.

"அதையும் பாத்துருவோம்" என்றார் மேடம்.

புதுப் பெட்டியில் மூன்றாம் மாடிப் பட்டன் எரிந்தால் லிஃப்ட் வேறு எங்கும் நிற்காமல் நேரே மேலே போகும்படி மாற்றியிருந்தார். மூன்றாம் மாடித் தாள் சுத்தமாக வந்தது. தரைத்தளத் தாளை நான் ஓட்டினேன். மேலே ஆள் மாறி ஆள் அழுத்திக்கொண்டே இருந்தால், ஒரு சுற்றுக்குப் பிறகு வெள்ளை வரவே இல்லை. கீழே ஸ்ட்ரெச்சரில் கிடக்கிற நோயாளி கிடந்தபடியே கிடப்பார். விரலை அந்த வட்டத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். நல்லதாக இருந்ததை என் தாள்தான் கெட்டதாக ஆக்கியிருந்தது. மூன்றாம் மாடியை மட்டும் பார்த்திருந்தால், தாள் சுத்தம் என்று இதற்குச் சான்று கொடுத்து அனுப்பியிருப்போம்.

"என்ன எக்கா, பேசாம இருக்கிய?"

"அண்ணாச்சி, இந்தப் புதுசைத் தூரப் போட்டுருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். வட்டப்படம் அவருக்குப் புரியாது. நான் விரலால் நடத்திக் காட்டினேன். மெதுவாகப் புரிந்தது. "ஏ யப்பா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

பழைய அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் மேடம் "எங்கள் பிழை" என்று எழுதினார். நான் பக்கத்தில் நின்று, மாற்றியவள் என்று என் பெயரையும் போடச் சொன்னேன். போட்டார். அதற்குக் கீழே, ஒப்பிட்டது என்று தன் பெயரையும் போட்டார். மாரிச்செல்வி, "நான் மட்டும் என்ன தக்காளித் தொக்கா?" என்று கேட்டுத் தானும் கையெழுத்துப் போட்டாள். ஒரு பிழைக்கு மூன்று கையெழுத்து.

லிஃப்ட் ஓடத் தொடங்கிய அன்று அண்ணாச்சி எங்களை வந்தே ஆக வேண்டும் என்று கூப்பிட்டார். ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை: அதுவரை நான் லிஃப்ட்டில் ஏறியதே கிடையாது. உள்ளே போய் மூலையில் ஒட்டி நின்றுகொண்டேன். கீழே ஏறிய ஒரு ஸ்ட்ரெச்சர் முதல் மாடியில் இறங்கியது. அங்கே இரண்டு நர்ஸ்கள் ஏறினார்கள், இரண்டாம் மாடியில் இறங்கினார்கள், அங்கே யாரோ சக்கர நாற்காலியைத் திருப்பி ஏற்ற நேரமாயிற்று. கடைசியில் மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. கையில் தூக்குவாளியோடு ஓர் அம்மாள் கொதித்துப்போய் நின்றுகொண்டிருந்தார்.

"எம்புட்டு நேரந்தான் நிக்கது? காப்பி ஆறிப் பச்சத்தண்ணியாப் போச்சு. இதுக்குப் பேரு லிஃப்டா?"

"வந்துட்டுல்லா, தாயி!" என்றார் அண்ணாச்சி பெருமையோடு. "வரும்னு எழுதி, மூணு பேரு கையெழுத்துப் போட்டுருக்கு."

"வரும்னு எழுதுனாவளாம். எப்ப வரும்னு எழுதுனாவளா?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அந்த அம்மாள் ஏறி எங்கள் நடுவில் இடித்துக்கொண்டு நின்றார். எப்போது வரும் என்பதற்கு எங்கள் படத்தில் ஒரு வட்டமும் இல்லை, ஓர் அம்பும் இல்லை. நாங்கள் கேட்கவே இல்லை.

"கோமதிக்கா, அம்புல கடிகாரம் கட்டணும்" என்று மேடம் அந்த அம்மாளின் தலைக்கு மேலே எட்டிச் சொன்னார். "அதுக்குன்னு தனி சாதிப் படமே இருக்கு. சொல்லித் தாறேன்."

"இப்பவே சொல்லுங்க மேடம்" என்றேன், லிஃப்ட் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே.